தரமணியில் நான்கு நாட்கள்: ஒரு ஸ்விட்ச்சின் உமிழ்வைத் தேடி

ஞாயிறு இரவு, கோவையிலிருந்து

சேரன் விரைவு ரயிலில் என் படுக்கைக்கு அடியில் ஓர் அட்டைப் பெட்டி இருக்கிறது. எங்கள் சிறிய நிறுவனம் இரண்டு ஆண்டுகளாக வடிவமைத்துவரும் நெட்வொர்க் ஸ்விட்ச், அதாவது பல கணினிகளை இணைத்துத் தரவை உரிய இடத்துக்கு அனுப்பும் கருவி, அதற்குள் இருக்கிறது. முன்பக்கத்தில் நொடிக்கு 10 கிகாபிட் வேகத்தில் இயங்கும் 48 எஸ்.எஃப்.பி. பிளஸ் போர்ட்டுகள் (கேபிளின் முனையில் உள்ள சிறு மாடியூலைச் செருகும் வாய்கள்), வலது ஓரத்தில் 100 கிகாபிட் வேகத்தில் இயங்கும், சற்றே பெரிய 6 கியூ.எஸ்.எஃப்.பி. 28 போர்ட்டுகள், பின்புறம் ஆறு விசிறிகள். இந்தப் பெட்டியிலிருந்து எவ்வளவு மின்காந்த அலை வெளியே கசிகிறது என்பதை அளப்பதற்காகச் சென்னை தரமணியில் ஒரு சோதனைக்கூடத்தில் நான்கு நாட்களுக்கு நேரம் வாங்கியிருக்கிறோம். என்னுடன் எங்கள் தகட்டுப் பட்டறையின் மூத்த பிட்டர் அண்ணன் வருகிறார். மின்னணுச் சோதனைக்குப் பிட்டர் எதற்கு என்று அலுவலகத்தில் கேட்டார்கள். இத்தகைய சோதனைகளில் தோற்ற ஒவ்வொரு முறையும் எனக்குத் தேவைப்பட்டது அரமும் திருப்புளியும் பிடிக்கத் தெரிந்த ஒரு கைதான் என்பதால், நான் பிடிவாதமாக அவரை அழைத்து வந்தேன்.

மின்காந்த உமிழ்வு என்பது பலருக்குக் கண்ணுக்குத் தெரியாத, அதனால் நம்பமுடியாத ஒரு விஷயமாகவே இருக்கிறது. ஆனால் என் வயதுக்காரர்கள் அதைக் காதால் கேட்டு வளர்ந்தவர்கள். அம்மா மிக்சியைப் போட்டால் மத்திய அலை வானொலியில் செய்தி வாசிப்பவரின் குரல் கரகரப்பில் மூழ்கிப்போகும். தெருவில் மொபெட் ஒன்று கடந்தால் படபடவென்று ஓர் ஓசை வந்து மறையும். வானொலி கேட்பவர்களின் இந்த எரிச்சலைத் தீர்க்கத்தான் 1934இல் சிஸ்பர் என்னும் பன்னாட்டுக் குழு உருவானது. இன்றும் 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே நாங்கள் பயன்படுத்தும் குவாசி பீக் என்னும் அளவீட்டு முறை அந்தக் காலத்தின் காதுகளுக்காக வகுக்கப்பட்டதுதான்: எப்போதாவது வரும் துடிப்பைக் குறைவாகவும், அடிக்கடி வரும் துடிப்பைக் கூடுதலாகவும் அது மதிப்பிடுகிறது.

திங்கள்

சென்ட்ரலில் இறங்கி, பெட்டியை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு பூங்கா நகர் நிலையத்துக்கு நடந்து, பறக்கும் ரயிலில் தரமணி வந்து சேர்ந்தோம். பொங்கல் சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்குச் சோதனைக்கூட வாசலில் நின்றோம்.

அளவீடு நடக்கும் தனியறையான சேம்பரின் கதவே ஓர் அனுபவம். வங்கிப் பெட்டகத்தின் கதவைப்போலக் கனமாக, சுற்றிலும் பித்தளை நிறத்தில் வரிசையாக மெல்லிய வில்தகடுகளுடன், நெம்புகோலை இறக்கினால் பொருந்தி மூடிக்கொள்கிறது. உள்ளே சுவர்களிலும் கூரையிலும் கரி ஊட்டிய நுரைக் கூம்புகள் நம்மை நோக்கி நீட்டிக்கொண்டு நிற்கின்றன. வெளியே நகரம் முழுவதும் பண்பலை ஒலிபரப்பும் கைபேசிக் கோபுரங்களும் பேசிக்கொண்டிருக்கின்றன. அந்த இரைச்சலில் எங்கள் பெட்டியின் முணுமுணுப்பைப் பிரித்துக் கேட்க முடியாது. சேம்பருக்குள் வெளி அலை வருவதில்லை. உள்ளே பிறக்கும் அலை சுவரில் பட்டுத் திரும்புவதுமில்லை. கதவை மூடியதும் அண்ணன் தம் குரலே தமக்கு வேறு மாதிரிக் கேட்பதாகச் சொன்னார். ஒலியையும் அந்தக் கூம்புகள் விழுங்கிவிடுகின்றன.

48 போர்ட்டுகளிலும் ஒளியிழை மாடியூல்களை (மின் துடிப்பை ஒளியாக மாற்றி இழைக்குள் அனுப்பும் சிறு கருவிகளை) செருகி, முதல் போர்ட்டிலிருந்து இரண்டாவதுக்கு, இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு என்று ஒரே தரவோட்டம் பாம்புபோல எல்லாப் போர்ட்டுகளையும் சுற்றி வரும்படி இணைத்தோம். இதற்கே மதியம் ஆகிவிட்டது. மின்கம்பி வழியாகச் செல்லும் உமிழ்வை 150 கிலோஹெர்ட்ஸ் முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலும், காற்றில் பரவும் உமிழ்வை 30 மெகாஹெர்ட்ஸ் முதல் 1 கிகாஹெர்ட்ஸ் வரையிலும் அளந்தோம். ஸ்விட்ச்சின் சுற்றுகளுக்குத் தாளம் கொடுக்கும் 156.25 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தின் நான்காம் மடங்கில் ஒரு கோடு தலைகாட்டியது. அதுவும் வரம்புக்கு 7 டெசிபல் கீழே. கவலைப்பட ஒன்றுமில்லை. உண்மையான சோதனை நாளைக்குத்தான்.

செவ்வாய்

சிஸ்பர் 32 என்னும் நெறி எங்கள் வகைக் கருவிகளை 6 கிகாஹெர்ட்ஸ் வரை மட்டுமே அளக்கச் சொல்கிறது. அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யின் விதிகளில் 15ஆம் பகுதியோ கருவிக்குள் இருக்கும் மிக உயர்ந்த அதிர்வெண்ணின் ஐந்தாம் மடங்கு வரை, அல்லது 40 கிகாஹெர்ட்ஸ் வரை, இவற்றில் எது குறைவோ அதுவரை அளக்கச் சொல்கிறது. எங்களுக்கு வந்திருக்கும் முதல் கொள்முதல் விசாரணை அமெரிக்காவிலிருந்து வந்தது என்பதால் 40 கிகாஹெர்ட்ஸ் வரை போயே ஆக வேண்டும்.

இதில் ஒரு பொருத்தம் உண்டு. 10 கிகாபிட் ஈதர்நெட்டில் ஒவ்வொரு 64 பிட்டுக்கும் இரண்டு பிட்டுகள் சேர்க்கப்படுவதால், கம்பியில் உண்மையில் ஓடும் வேகம் நொடிக்கு 10.3125 கிகாபிட். அது 156.25 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தின் சரியாக 66 மடங்கு. 100 கிகாபிட் போர்ட்டின் நான்கு தடங்களில் ஒவ்வொன்றும் 25.78125 கிகாபிட், அது அதே கடிகாரத்தின் 165 மடங்கு. பாடப்புத்தகத்தின்படி, ஒழுங்கான துடிப்புகளால் ஆன தரவோட்டத்தின் நிறமாலையில் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலிமை என்று காட்டும் வரைபடத்தில்) பிட் வேகத்துக்கு நேராக எதுவுமே இருக்கக் கூடாது. அங்கே ஒரு பள்ளம்தான் இருக்க வேண்டும். ஆனால் ஏறும் விளிம்பும் இறங்கும் விளிம்பும் மயிரிழை மாறுபட்டாலே அந்தப் பள்ளத்தின் நடுவில் ஊசிபோல ஒரு கோடு எழும்பிவிடும். உயர்வேகக் கருவிகளைச் சோதிப்பவர்கள் அனைவரும் முதலில் பார்ப்பது அந்த ஊசியைத்தான்.

காலை பதினொன்றரை மணிக்கு அந்த ஊசி எழும்பியது. ஏ வகைக் கருவிக்கு (வீடுகளுக்கல்லாமல் வணிக, தொழில் இடங்களுக்கானது) 3 மீட்டர் தொலைவில் சராசரி மதிப்பின் வரம்பு, மீட்டருக்கு 1 மைக்ரோவோல்ட்டை அடிப்படையாகக் கொண்ட டெசிபல் கணக்கில், 60. திரையில் 10.3125 கிகாஹெர்ட்ஸில் 66.4 என்று இருந்தது. சோதனைக்கூடத்தின் இளம் பொறியாளர், ஸ்விட்ச் நின்ற சுழல்மேடையான டர்ன்டேபிளை மெதுவாகத் திருப்பி, ஆண்டெனாவை 1 மீட்டரிலிருந்து 4 மீட்டர் வரை ஏற்றி இறக்கி, உச்சத்தை மறுபடியும் உறுதிசெய்தார். "முன்பக்கம்தான் சார். நேராப் பார்க்கிறப்போதான் கூடுது," என்றார்.

வரம்பை 6.4 டெசிபல் தாண்டுவது என்றால், திறன் கணக்கில் அனுமதித்ததைப் போல நான்கு மடங்குக்கும் மேல்.

பிற்பகலில் நான் செய்த ஒரு காரியத்தை மறைக்காமல் எழுதுகிறேன். கட்டளை வரியில் 47 போர்ட்டுகளை அணைத்துவிட்டு ஒரே ஒரு போர்ட்டை மட்டும் இயங்கவிட்டேன். ஊசி 50க்குச் சுருங்கியது. வரம்புக்கு 10 டெசிபல் கீழே, அழகான ஒரு வரைபடம். அந்தப் படத்தை அறிக்கையில் ஒட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடலாம். அமெரிக்க முறையில் இந்த வகைக் கருவிகளுக்கு உற்பத்தியாளரின் சுய அறிவிப்பே போதும்; அளப்பது நாங்கள்தான். ஒரே போர்ட்டில் எடுத்த அளவைக் கொண்டு 48 போர்ட் ஸ்விட்ச்சைத் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கும் பழக்கம் சில இடங்களில் இருப்பதாகத் தொழில் வட்டத்தில் நானே கேட்டிருக்கிறேன்.

ஆனால் கணக்கு பொய் சொல்லாது. ஒத்த வலிமையுள்ள 48 மூலங்களின் அலைகள் ஒன்றோடொன்று தாளம் ஒத்துப்போகாமல் கூடும்போது ஏறக்குறைய 16.8 டெசிபல் உயர்வு வரும். 50 உடன் 16.8ஐக் கூட்டினால் 66.8; நாங்கள் அளந்தது 66.4. எங்கள் பெட்டியை வாங்குபவர் ஒரே ஒரு போர்ட்டுக்காக அதை வாங்கப்போவதில்லை. 48 போர்ட்டுகளும் விளக்கெரிய ஓடும் நிலைதான் அதன் அன்றாட நிலை. தரவு ஓடாமல் சும்மா இருக்கும் போர்ட்டும் இந்த வேகத்தில் அமைதியாக இருப்பதில்லை. இணைப்பு உயிரோடு இருக்கும்வரை, கலைத்துப்போட்ட பிட்டுகளை அது அனுப்பிக்கொண்டே இருக்கும். சிஸ்பர் நெறிகூட, இன்னொரு கேபிளைச் சேர்த்தால் அளவு குறிப்பிடத்தக்க அளவுக்கு மாறாது என்னும் நிலை வரும்வரை சேர்த்துக்கொண்டே போகத்தான் சொல்கிறது. அந்த வரைபடத்தை அழித்துவிட்டேன்.

இரவு வேளச்சேரி விடுதியில் இருவருக்கும் சரியான தூக்கம் இல்லை.

புதன்

இன்றைய நாளைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

10.3125 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 29 மில்லிமீட்டர். அதில் பாதி பதினான்கரை மில்லிமீட்டர். என் சுண்டுவிரலின் அகலம் அவ்வளவுதான். உலோகத் தகட்டில் அந்த நீளத்துக்கு ஓர் இடுக்கு இருந்தால், அதன் அகலம் தாள் நுழையும் அளவே ஆனாலும், அது நல்ல ஆண்டெனாவாகிவிடும். துளையின் பரப்பு முக்கியமில்லை, நீளமே முக்கியம் என்பதை எத்தனை முறை விளக்கினாலும் இயந்திர வடிவமைப்பாளர்கள் வியப்போடுதான் கேட்கிறார்கள். அதனால்தான் காற்று போவதற்காக 3 மில்லிமீட்டர் விட்டத்தில் நூற்றுக்கணக்கான வட்டத் துளைகள் இட்ட எங்கள் பின்தகடு ஏறக்குறைய மௌனமாக இருந்தது. கண்ணுக்கே தெரியாத ஏதோ ஓர் இடுக்கு முன்பக்கத்தில் கூவிக்கொண்டிருந்தது.

காலையில் எட்டு முதல் பன்னிரண்டு கிகாஹெர்ட்ஸ் வரை பயன்படும் அலைவழிக்குழாய்த் துண்டு ஒன்றைக் கேபிளின் முனையில் மாட்டி, மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை நகர்த்துவதுபோல முன்தகட்டின் மேல் நகர்த்தினோம். எல்லா இடத்திலும் சத்தம்; சில இடங்களில் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். ஒவ்வொரு போர்ட்டிலும் மாடியூல் போய் உட்காரும் உலோக உறைக்குக் கூண்டு என்று பெயர். செம்புப் பட்டையால் ஒரு கூண்டு வரிசையின் ஓரத்தை ஒட்டினோம். தொலைவில் உள்ள ஆண்டெனாவில் ஒன்றும் மாறவில்லை. அதைப் பிரித்துவிட்டு அடுத்ததை ஒட்டப் போனார் அண்ணன். நான் தடுத்தேன்.

இதே தவறை முன்பு பல முறை செய்து நாட்களை வீணாக்கியிருக்கிறேன். பானையில் நான்கு ஓட்டை இருக்கும்போது ஒன்றை அடைத்தால் ஒழுக்கு நின்றுவிடாது. அதற்காக அந்த ஓட்டையில் குற்றமில்லை என்று முடிவுகட்டி அடைப்பைப் பிடுங்கினால், கடைசிவரை ஒழுக்கு நிற்கவே நிற்காது. சமமான இரண்டு கசிவுகளில் ஒன்றை முழுதாக மூடினால்கூடக் குறைவது வெறும் 3 டெசிபல். ஆகவே முதலில் எல்லாவற்றையும் அடைக்க வேண்டும். ஊசி அடங்கிய பிறகு ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். முன்தகடு முழுவதையும் செம்புப் பட்டையால் போர்த்தினோம். 48 கேபிள்களுக்கு நடுவே பட்டையை நறுக்கி நறுக்கி ஒட்ட இரண்டு மணி நேரம் பிடித்தது. கதவை மூடினோம். திரையில் ஊசி இருந்த இடத்தில் இரைச்சலின் தரைக்கோடு மட்டும்.

பிறகு பிரித்தோம். பெட்டியின் மேல்மூடி இணைப்பு: மாற்றமில்லை. காலியாக இருந்த மேலாண்மைப் போர்ட்: மாற்றமில்லை. கூண்டுகளின் முதல் தொகுதி: சட்டென்று 57. இரண்டாவது தொகுதி: 61. நான்கு தொகுதிகளும் திறந்ததும் மறுபடியும் 66க்கு வந்து நின்றது. ஆக, கசிவு மாடியூல்களின் மூக்கு, அதாவது வெளியே தெரியும் முன்முனை, வழியாக அல்ல. கூண்டுக்கும் முன்தகட்டுக்கும் நடுவில்.

எஸ்.எஃப்.பி. கூண்டின் வாயைச் சுற்றிலும் மெல்லிய வில்விரல்கள் வெளிப்புறமாக வளைந்து நிற்கும். முன்தகட்டின் திறப்புக்குள் கூண்டு நுழையும்போது அந்த விரல்கள் திறப்பின் உட்பக்கத்தை அழுத்தித் தொட வேண்டும். ஒவ்வொரு தொடுதலும் இடுக்கைச் சிறுசிறு துண்டுகளாக வெட்டுகிறது. விரல்கள் வளைந்திருக்குமோ என்று சந்தேகித்து முன்தகட்டைக் கழற்றினோம். ஒரு விரல்கூட வளையவில்லை. எனக்குக் கை ஓய்ந்துவிட்டது.

அண்ணன் தகட்டை ஜன்னலோரம் எடுத்துப்போய், வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்து, திறப்பின் உள்விளிம்பில் கட்டைவிரல் நகத்தை ஓட்டிப் பார்த்தார். "தம்பி, இங்க வாங்க. நகம் வழுக்குதுங்க பாருங்க. தகடா இருந்தா இப்படி வழுக்காதுங்க," என்றார். நானும் நகத்தை வைத்துப் பார்த்தேன். மேல்விளிம்பில் நகம் லேசாகப் பிடித்துக்கொண்டு போனது. கீழ்விளிம்பில் எண்ணெய் தடவியதுபோல வழுக்கியது. என் பையிலிருந்த மல்ட்டிமீட்டரின் முனைகளை வைத்தோம். மேலே இணைப்பு ஓசை கேட்டது, கீழே கேட்கவில்லை. பவுடர் கோட்டிங் செய்யும்போது பின்புறத்தை மறைக்க ஒட்டிய நாடா கையால் வெட்டப்பட்டிருக்கிறது. திறப்பின் விளிம்புவரை அது வரவில்லை. தூள் மடிப்பைத் தாண்டி உட்பக்கம் வரை ஏறி, சூளையில் உருகி, கண்ணாடிபோல உறைந்திருக்கிறது. வில்விரல்கள் அழுத்தித்தான் இருந்தன. ஆனால் அவை தொட்டது உலோகத்தை அல்ல, பூச்சை.

பூச்சு போட்ட பட்டறையை நான் குறை சொல்லவில்லை. எங்கள் வரைபடத்தில் பின்புறம் பூச்சு கூடாது என்று இருக்கிறதே தவிர, திறப்பின் விளிம்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்த வரைபடத்தில் கையொப்பமிட்டவன் நான்.

அரம், உப்புத்தாள், ஒரு சிறிய சுரண்டி. மாலை நான்கு மணியிலிருந்து ஏழு மணி வரை அண்ணன் நான்கு திறப்புகளின் உள்விளிம்புகளையும் வெள்ளை உலோகம் தெரியும்வரை சுரண்டினார். முன்முகத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை. நான் தூளைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இரவு எட்டு மணிக்கு மறுபடியும் பூட்டி, செம்புப் பட்டை ஏதுமின்றி, 48 போர்ட்டுகளும் ஓட, அளந்தோம்.

54.9.

சோதனைக்கூடப் பொறியாளர் தம் நேரம் முடிந்த பிறகும் எங்களுக்காகக் காத்திருந்தார். அவருக்கு இந்தப் பக்கத்தின் வழியாகவும் நன்றி.

வியாழன்

18 முதல் 40 கிகாஹெர்ட்ஸ் வரை. இங்கே அலைநீளம் 7.5 மில்லிமீட்டர் வரை சுருங்கிவிடுகிறது. இணைப்பிகள் 2.92 மில்லிமீட்டர் வகை. அவற்றைக் கையால் இறுக்கக் கூடாது, 0.9 நியூட்டன் மீட்டரில் நின்றுவிடும் முறுக்குச் சாவியால்தான் இறுக்க வேண்டும். கேபிளில் இழப்பு மிகுதி என்பதால் முன்பெருக்கியை ஹார்ன் ஆண்டெனாவின் முதுகிலேயே பொருத்தி, தொலைவை 3 மீட்டரிலிருந்து 1 மீட்டருக்குக் குறைத்தோம். அதற்கேற்ப வரம்பு 9.5 டெசிபல் உயர்ந்து 69.5 ஆகிறது.

25.78125இல் 71.2.

எதிர்பார்த்ததுதான். கியூ.எஸ்.எஃப்.பி. கூண்டின் அகலம் 18 மில்லிமீட்டருக்கு மேல். அந்த அகலமுள்ள உலோகக் குழாய் 8 கிகாஹெர்ட்ஸைச் சற்றே தாண்டியதும் அலையைத் தடையின்றி வழியனுப்பத் தொடங்கிவிடும். இந்த அதிர்வெண்ணில் கூண்டு ஒரு தடுப்பல்ல, சாலை. கற்றையும் மிகக் குறுகியது; டர்ன்டேபிள் மூன்று பாகை திரும்பினால் ஊசி 6 டெசிபல் இறங்கிவிடுகிறது. முதலில் வழக்கமான வேகத்தில் சுழற்றியபோது உச்சத்தைத் தவறவிட்டோம். பொறியாளர்தான் சந்தேகப்பட்டு, பாகை பாகையாக நகர்த்தி அதைப் பிடித்தார். அவர் அவசரப்பட்டிருந்தால் நாங்கள் தேறிவிட்டதாக நினைத்துக்கொண்டு ஊர் திரும்பியிருப்போம்.

ஸ்விட்ச் சிப்பின் மேல் இருக்கும் வெப்பத் தகட்டின் பக்கவாட்டில் நுண்ணலை உறிஞ்சும் ரப்பர்த் தாளை ஒட்டினோம். 1 டெசிபல் குறைந்தது. மாடியூல்களை வேறு தயாரிப்புக்கு மாற்றினோம்; அவற்றின் மூக்கில் இடுக்கை அடைக்கும் உலோகக் கம்பளி கேஸ்கெட் சுற்றிலும் முழுமையாக இருந்தது. 67.6க்கு வந்தது. வரம்புக்கு 1.9 கீழே.

தேர்ச்சிதான். ஆனால் இந்த அதிர்வெண்களில் அளவீட்டின் ஐயப்பாடே ஐந்து டெசிபல் அளவுக்கு இருக்கும்போது, 1.9ஐ நம்பி நூறு பெட்டிகள் செய்ய எனக்கு மனம் வரவில்லை. எந்த மாடியூலைச் செருகுவது என்பதும் வாங்குபவர் கையில்தான் இருக்கிறது. கூண்டுக்குள்ளேயே உறிஞ்சித் தாள் ஒட்டிய அடுத்த மாதிரியைச் செய்துகொண்டு மறுபடியும் வருவதென்று முடிவுசெய்து, அடுத்த மாதத்தில் இரண்டு நாட்களுக்கு முன்பதிவு செய்துவிட்டேன்.

வியாழன் இரவு, ரயிலில்

பெட்டி மறுபடியும் படுக்கைக்கு அடியில். அண்ணன் காட்பாடி வருவதற்குள் தூங்கிவிட்டார். அவருடைய வலது கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் கறுப்புத் தூள் இன்னும் ஒட்டியிருக்கிறது. மடிக்கணினியில் முன்தகட்டின் வரைபடத்தைத் திறந்து, குறிப்புகளின் கீழ் ஒரு வரி சேர்த்தேன்: "எல்லாக் கூண்டுத் திறப்புகளின் உள்விளிம்பிலும், அதைச் சுற்றிப் பின்முகத்தில் 3 மி.மீ. அகலத்துக்கும் பூச்சு கூடாது. பூச்சுக்குப் பின் நான்கு பக்கமும் மல்ட்டிமீட்டரால் சரிபார்க்கவும்." பட்டறையில் ஏற்கெனவே பூச்சு முடிந்து ஆறு தகடுகள் இருக்கின்றன. காலையில் போனதும் அவற்றைச் சுரண்ட வேண்டும்.